மாப்பிள்ளைக்கு வாங்கிய கம்பியூட்டர்

கலியாணம் என்று வந்துவிட்டால் கண்டிக்கு அருகே மடவளைப் பக்கத்தில் பெண் வீட்டாருக்கு முதல் வேலை அறை சோடிப்பது. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் இங்கே பல குடும்பங்களின் வழக்கம். ஆகவே பெண்ணைக் கொடுப்பவர்கள் கூடவே ஓர் அறையையும் கொடுக்க வேண்டும். அறை என்றால் வெறும் நாலு சுவர் இல்லை. கட்டில், மெத்தை, மூன்று கதவு அலுமாரி, ஆளுயரக் கண்ணாடி பதித்த மேசை எல்லாம் சேர்ந்ததுதான் அறை. இதில் ஒன்று குறைந்தாலும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். சும்மா ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே இங்கே தளபாடக் கடைகள் நன்றாகப் பிழைக்கின்றன.

முனாபின் மகள் ஷஹ்மா கண்ணாடி மேசை வேண்டாம் என்றாள்.

"அதுக்கு வெச்ச சல்லில எனக்கு ஒரு கம்பியூட்டர் எடுத்துத் தாங்க உம்மா. கேம் வெளையாடுற மாதிரி பெரிய ஒண்டு. மிச்சத்த என்ட சம்பளத்துல நான் போடுற."

"கம்பியூட்டர்லயா மொகம் பாக்கப் போற?" என்று கேட்டாள் உம்மா மஸீனா.

ஷஹ்மாவுக்கு இருபத்தேழு வயது. பல்லேகலவில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் பஸ், மாலையில் பஸ், நடுவில் நாள் முழுக்க எண்கள். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்று ஊரில் பெயர். அமைதியான பிள்ளைகள் எல்லோரும் உள்ளுக்குள்ளும் அமைதியாகத்தான் இருக்கிறார்கள் என்று நம்புவது ஊருக்கு வசதியாக இருக்கிறது. அவளுடைய அண்ணன், முஸ்அப் நானா, கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய லெப்டொப் ஒன்றில் அவள் பல வருடங்களாக கேம் விளையாடி வந்தாள். சுடுகிற கேம் அல்ல. குதிரையில் ஏறி, பனி மலைகளைக் கடந்து, கேட்பாரற்ற ஊர்களுக்கெல்லாம் போய்க்கொண்டே இருக்கிற கேம்.

அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்குமோ என்னவோ. நமக்குத் தெரியும். கண்டிக்குப் போவதென்றாலும் யாரோடு, எதற்கு, எப்போது திரும்புவது என்று மூன்று பதில் வைத்திருக்க வேண்டிய பிள்ளைக்கு, யாரையும் கேட்காமல் போய்வர ஓர் இடம் இருந்தது. அந்த லெப்டொப்போ இப்போதெல்லாம் அடுப்புச் சட்டி போலச் சூடாகி, மலை ஏறும் முன்னே நின்றுவிடுகிறது. கலியாணத்துக்குப் பிறகு புதிதாக ஒன்று வாங்க முடியும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. கலியாணத்துக்கு முன்பே அது அறைக்குள் போய்விட வேண்டும், போய்விட்டால் பிறகு யாரும் எடுக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டாள்.

மஸீனாவுக்குக் கணக்கு வேறு. மகள் அழாமல் கேட்டால்தான் அவளுக்குப் பயம். அழுதிருந்தால் அதட்டி அடக்கியிருப்பாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"மாப்பிள்ளைக்கு எண்டு செல்லுவோம்" என்றாள். "மாப்பிள்ளைக்கு கம்பியூட்டர் குடுத்த எண்டா ஆரும் ஒண்டும் பேசமாட்டாங்க. பொண்ணு வெளையாடுறதுக்கு எண்டா ஊரே பேசும்."

மாப்பிள்ளை ரிஸ்மிக்கு அக்குறணை. கட்டுகஸ்தோட்டையில் தன் மாமா பவாஸோடு சேர்ந்து டயர் கடை நடத்துகிறவர். ஷஹ்மா அவரைப் பார்த்தது பெண் பார்க்க வந்த அன்று. அதன் பிறகு தொலைபேசியில் சில தடவை பேசியிருக்கிறாள். சாப்பிட்டீர்களா, மழையா என்ற அளவுப் பேச்சு. கம்பியூட்டர் செய்தி காதுக்கு எட்டியதும் அவர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். முன்னறையில் முனாபின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "ஜஸாகல்லாஹ் ஹைர் மாமா. எனக்கெண்டு இப்படி யாரும் செஞ்சதில்ல" என்று நன்றி சொன்னார். உள்வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஷஹ்மா நின்றுகொண்டிருந்தாள். திரையை விலக்கி வெளியே வரவில்லை. அறைக்குள் போய்விடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் ஒதுக்கி வைப்பவை எல்லாம் வட்டியோடு வந்து வாசலில் நிற்கும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

சாமான் எடுக்க வாப்பாவும் மகளும் கண்டிக்குப் போனார்கள். முனாப் புடவைக் கடைக்காரர். மனுஷனுக்குத் துணியைத் தொட்டாலே அதன் குலம் கோத்திரம் தெரியும். கம்பியூட்டர் கடையில் தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடையில் திவாகரன் என்ற இளைஞன் இருந்தான். கலஹாப் பக்கம் சொந்த ஊர், வாய் ஓயாத பேச்சு. அவன் ஷஹ்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு முனாபைப் பார்த்தே பேசத் தொடங்கினான்.

"வாங்க சேர். மகனுக்குங்களா?"

"மருமகனுக்கு" என்றார் முனாப்.

"மருமகன் என்ன மாதிரி கேம் வெளாடுவாருங்க? அதுக்கு ஏத்த மாதிரிதான் சாமான் பாக்கணும்."

முனாப் மகளைப் பார்த்தார். மகள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "அவருக்கு பெரிய பெரிய மலையெல்லாம் வார கேம் தான் விருப்பம்" என்றாள். "தூரத்துல ஈக்கிற மரமும் தெளிவாத் தெரியணும். வேகம் கொஞ்சம் கொறஞ்சாலும் பரவாயில்ல, அழகா ஈக்கணும்."

"அப்ப கிராஃபிக்ஸ் கார்டுல காசப் போடுங்க. ப்ராசஸர் நடுத்தரமா இருந்தாப் போதும்."

"அவருக்கும் அதுதான் யோசன" என்றாள் ஷஹ்மா. "பவர் சப்ளை மட்டும் மலிவானது வேணாம். எங்கட பக்கம் மழைக்கு கரண்ட் போறதும் வாறதும் தான். அது போச்செண்டா மத்ததெல்லாத்தையும் கொண்டு போயிடும் எண்டு அவர் செல்லிய."

அரை மணி நேரம் இப்படியே போனது. அவருக்குச் சத்தம் போடும் விசிறி பிடிக்காது. அவருக்கு விசைப்பலகை கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்ட் எந்தக் கம்பனியுடையது நல்லது என்று அவர் எவ்வளவோ படித்துப் பார்த்திருக்கிறார். அட்டைப்பெட்டிக் கம்பனியின் மதிய இடைவேளைகளில் அவள் சேர்த்து வைத்த அறிவெல்லாம் வேறொருவர் பெயரில் வெளியே வந்தது. பேசப் பேச அவளுக்கே ஒரு விசித்திர ஆசை வந்துவிட்டது. இப்படி ஒருவர் உண்மையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். கட்டுகஸ்தோட்டையில் டயர் மாற்றிக்கொண்டிருக்கும் ஆளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்ற எண்ணம் அந்த அரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு வரவில்லை.

"குடுத்து வச்ச மனுஷங்க உங்க மருமகன்" என்றான் திவாகரன். "அவரோட விருப்பமெல்லாம் கேட்டுக் கேட்டு மனசுல வச்சிருக்காங்க."

முனாபுக்கு உச்சி குளிர்ந்தது. அந்த மகிழ்ச்சியில், வேண்டாம் வேண்டாம் என்று மகள் சொல்லியும் கேளாமல், கண்ணாடிப் பக்கம் வைத்த கேஸிங்கும் நிறம் மாறி மாறி எரிகிற விசிறிகளும் எடுத்தார். பெட்டி பார்ப்பதற்கு எடுப்பாக இருக்க வேண்டாமா? நாலு பேர் வந்து பார்க்கிற சாமான் அல்லவா?

பாகங்களைப் பொருத்திப் பூட்டித் தருகிறோம் என்று கடையில் சொன்னார்கள். வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று ஷஹ்மா சொல்லிவிட்டாள். அன்று அவள் சொன்னவற்றில் முழு உண்மை அது ஒன்றுதான்.

முனாபின் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. புதுச் சாமானின் மேல் ஒட்டி வருகிற தாளை யாரும் கழற்றக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஏழெட்டு வருடமாக அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. ஓரங்களில் சுருண்டு மஞ்சளாகிவிட்டது, ஆனால் இருக்கிறது. முன்னறைக் கதிரைகளில் பொலித்தீன், ரிமோட்டில் பொலித்தீன். பிரித்த புடவைக்கு விலை பாதி என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துவந்த வீடு அது. அதிலும் மாப்பிள்ளை அறைச் சாமான் என்றால் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்வரை அலுமாரியின் உறைகூட அவிழாது. புதுசு என்பதற்கு அதுதானே சாட்சி.

சாப்பாட்டு மேசையில் துணி விரித்து ஷஹ்மா வேலையைத் தொடங்கினாள். மஸீனா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். எதையெல்லாம் பிரிக்க மகள் கையை வைக்கிறாளோ அங்கெல்லாம் உம்மாவின் குரல் வந்தது.

"அந்தக் கண்ணாடில ஈக்கிற தாளக் கழட்டாத."

"கழட்டல்ல உம்மா."

"அந்த ஸ்டிக்கர்?"

"அதுவும் ஈக்கட்டும்."

மதர்போர்டில் ப்ராசஸரை வைப்பது முட்டையை வைப்பது போன்ற வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். ரேம் இரண்டும் டக்கென்று உட்கார்ந்தன. அடுத்தது ப்ராசஸரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை உறிஞ்சி எடுக்கிற கூலர். அதன் அடிப்பக்கம் கண்ணாடி போல மின்னியது. அதன்மேல் இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாத அளவுக்கு ஒரு மெல்லிய தாள். பூட்டுவதற்கு முன்பு அதைக் கழற்ற வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். விரல் படக் கூடாதே, கடைசி நேரத்தில் கழற்றுவோம் என்று ஒரு பக்கம் வைத்தாள். அந்த நேரம் பார்த்து அழைப்பிதழ் விஷயமாக உறவுப் பெண்கள் சிலர் வாசலில் வந்து நின்றார்கள். மஸீனா பதறி எழுந்து மேசையின் மேல் துணியை இழுத்து மூடினாள். கலியாணப் பெண் கையில் ஸ்க்ரூட்ரைவரோடு நிற்பதை யார் பார்க்க வேண்டும்?

அவர்கள் தேநீர் குடித்து, மாப்பிள்ளையின் குணநலன்களைப் பேசி முடித்துப் போனபின் ஷஹ்மா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ப்ராசஸரின் மேல் சூட்டைக் கடத்தும் பசையை அளவாகப் பூசினாள், கூலரை வைத்தாள், முறுக்கினாள். தாள் அடியிலேயே இருந்தது. எங்கு பார்த்தாலும் தாள் ஒட்டியிருக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்த கண்ணுக்கு இன்னொரு தாள் எப்படித் தெரியும்?

முதல் தடவை திரையில் வெளிச்சம் வந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. தன் கையால் செய்த ஒன்று உயிரோடு கண் திறந்தது. தன் குதிரைக் கேமையும் ஏற்றினாள், அதைப் போட்டுப் பார்க்க மனம் துடித்தது. "புதுச் சாமானப் பழசாக்காத, மாப்பிள்ளை கையால மொதல்ல ஓடட்டும்" என்று மஸீனா சுவிட்சை நிறுத்தினாள். விசிறி கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடுவது போல ஷஹ்மாவுக்குத் தோன்றியது. புதுசு என்பதால் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. வலீமா விருந்தும் முடிந்தது. மறுநாள் பகல் மாப்பிள்ளை வீட்டார் அறை பார்க்க வந்தார்கள். பெண்கள் அலுமாரியைத் திறந்து மூடினார்கள், மெத்தையை அழுத்திப் பார்த்தார்கள். கண்ணாடி மேசை இல்லாததை அவர்கள் கண்கள் குறித்துக்கொள்வதற்குள் முனாப் கம்பியூட்டரைப் போட்டுவிட்டார். விசிறிகள் நிறம் மாறி மாறி எரிந்தன. ஒரு நிமிடம் அறை முழுக்கப் பாராட்டுத்தான்.

ரிஸ்மிக்குத் தம்பி முறையான சாச்சா மகன் ஆகிப் கைபேசிக் கடையில் வேலை செய்பவன். அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதில் ஏற்றியிருந்த கேமைத் தொடங்கினான். மலை வந்தது. குதிரை வந்தது. விசிறி ஊளையிடத் தொடங்கியது. பிறகு திரை அணைந்து, எல்லா வெளிச்சமும் அணைந்து, பெட்டி செத்துப்போய் நின்றது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் அப்படியே.

"பழைய சாமானத் தலையில கட்டிட்டாங்க போல" என்றான் ஆகிப்.

முனாபின் முகத்தை ஷஹ்மா பார்த்தாள். தன் கடையில் விற்ற துணி ஒன்று திரும்பி வந்ததாக யாரும் சொல்லக் கேட்டிராத மனுஷன். வெற்றிலை போட்ட வாய் போல அவர் காதுகள் சிவந்திருந்தன. ரிஸ்மியோ யார் முகத்தையும் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் பவாஸ் மாமா கனைத்துக்கொண்டு, கடைக்கே திருப்பி அனுப்புவோம் என்றார். இரண்டு பேர் வயர்களைக் கழற்றவே தொடங்கிவிட்டார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் ஷஹ்மா.

பட்டுச் சேலையும் தலையில் முக்காடும், கை இரண்டிலும் முழங்கை வரை மெஹந்தியுமாக அவள் பெட்டியின் முன் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். மேசை லாச்சியை இழுத்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றி உள்ளே கையை வைத்ததும் சூடு தெரிந்தது. பொறுத்து, ஆறவிட்டு, கூலரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். பசை அப்பிய அந்த மெல்லிய தாள், சூடு கூலருக்குப் போகாமல் மறித்துக்கொண்டு, அப்படியே இருந்தது. பூட்டுமுன் கழற்றவும் என்று ஆங்கிலத்தில் அதன் மேலேயே எழுதியிருந்தது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சிரிப்பும் வந்தது.

மஸீனா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. "அல்லாஹ்வே, நான் தானே ஒண்டையும் கழட்டாத கழட்டாத எண்டு நிண்ட" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தாளை உரித்தாள். கொலோன் வாசனைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, புதுப் பசை வைத்து, மறுபடி பூட்டினாள். இந்த முறை போட்டபோது விசிறிச் சத்தமே கேட்கவில்லை. ஆகிப் மலை மேல் குதிரையை ஓட்டினான். எல்லோரும் தேநீர் குடித்து முடித்த பிறகும் குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

"பொண்ணுக்கு இதெல்லாம் ஆரு படிப்பிச்ச?" என்று கேட்டார் பவாஸ் மாமா. உண்மையாகவே வியந்துதான் கேட்டார்.

"கடையில அந்தப் பொடியன் செல்லிக் குடுத்திருப்பான்" என்று மஸீனா முந்திக்கொண்டாள். கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மாமாவின் தலைக்குள் வேறொரு யோசனை பிறந்துவிட்டது.

"நல்ல சாமான் தான். ஆனா ரிஸ்மி கேம் வெளையாடி நான் காணல்ல. இங்க சும்மா கெடக்கிறதுக்கு, கடைக்குக் கொண்டு போனா கணக்குப் பாக்கவாவது ஒதவும். என்ன மகன்? ஒனக்குத் தந்தது தானே."

ரிஸ்மி மாமாவின் முகத்தைப் பார்த்தார், மாமனாரின் முகத்தைப் பார்த்தார். "பாப்போம் மாமா" என்றார். மரியாதைக்காரர்கள் மறுக்க முடியாத இடத்தில் சொல்வது அதுதான்.

கொடுத்த பிறகு முனாப் என்ன சொல்வது? மாப்பிள்ளைக்குக் கொடுத்ததை மாப்பிள்ளை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. நாளைக்கு ஒரு முச்சக்கர வண்டி வரும், இந்தப் பெட்டி டயர்களுக்கும் கிரீஸுக்கும் நடுவே போய் நிற்கும், அந்தத் திரையில் அட்டைப்பெட்டிக் கம்பனியில் இருப்பதைப் போலவே எண்கள் வரிசையாக நிற்கும். ஸ்க்ரூட்ரைவர் இன்னும் ஷஹ்மாவின் கையில் இருந்தது.

"கடைக்குக் கொண்டு போக வேணாம் மாமா" என்றாள். "இது அவருக்கு வாங்கினதில்ல. எனக்கு வாங்கின. சாமான் எல்லாம் நான் தான் பாத்து எடுத்த, நான் தான் பூட்டின. வெளையாடுறதும் நான் தான்."

புது மருமகள் பேசக்கூடிய பேச்சின் அளவை அவள் எங்கேயோ தாண்டிவிட்டாள். பெண்களில் ஒருத்தி மூக்கில் விரலை வைத்தாள். பவாஸ் மாமா நல்ல மனுஷன். கோபப்படவில்லை. "அப்படியா மகள், அப்ப சரி" என்று சொல்லிவிட்டுச் சோறு தயாரா என்று விசாரித்தார். அதற்குப் பிறகு எல்லோரும் சோற்றைப் பற்றியே பேசினார்கள். ரிஸ்மி மட்டும் சாப்பிடும்போதும் பேசவில்லை, அவர்களை வழியனுப்பும்போதும் பேசவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு அறையில் இருவரும் தனியே இருந்தார்கள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மெத்தையின் பொலித்தீன் அசைந்தால் சரசரத்தது, அதனால் அசையாமல் இருந்தார்.

"கோவமா?" என்று கேட்டாள் ஷஹ்மா.

"கம்பியூட்டருக்காக இல்ல" என்றார். சற்றுப் பொறுத்து, "ஒங்கட வாப்பாட கையப் புடிச்சி நான் ஜஸாகல்லாஹ் செல்லிய நேரம் நீங்க திரைக்குப் பின்னால தானே நிண்ட? எனக்கு ஒங்கட காலு தெரிஞ்ச" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்டைலேந்து நான் கூட்டாளி ஒருத்தன்ட வீட்டுக்குப் போய் வாரத்துக்கு ஒருக்கா கேம் பழகின. ஒங்கட வாப்பா ஆசையாத் தந்தத தொடாம வெச்சா அவருக்கு நோகுமே எண்டு. எனக்கு அதப் பாத்தா தல சுத்துது. ஒருக்கா வாந்தியும் எடுத்த."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால செல்ல ஏலுமாயிருந்த ஒங்களுக்கு, அண்டைக்கு எனக்கு மட்டும் செல்ல ஏலாமப் போச்சா?"

"அண்டைக்கு ஒங்கள எனக்குத் தெரியாது."

"இண்டைக்கும் தெரியாது தானே" என்றார் ரிஸ்மி. குரலில் குத்தல் இல்லை. நடந்ததை அப்படியே சொன்னார்.

ஷஹ்மா கதிரையில் உட்கார்ந்தாள். ஒரு விசிறி வாங்குவதற்கு எத்தனையோ பேரின் அபிப்பிராயத்தைத் தேடிப் படித்தவள். எதோடு எது ஒத்துப்போகும், எது எதைத் தாங்கும் என்று மாதக்கணக்கில் பார்த்தவள். வாழ்நாள் முழுக்க ஒரே அறையில் இருக்கப்போகிற மனுஷனிடம் சாப்பிட்டீர்களா என்பதைத் தவிர ஒன்றுமே கேட்கவில்லை. கடையில் தன் விருப்பங்களையெல்லாம் அவர் தலையில் ஏற்றி, அப்படி ஒருவர் இருந்தால் எவ்வளவு நல்லது என்று வேறு நினைத்திருக்கிறாள். அவரும் கேட்கவில்லைதான். ஆனால் அவர் பாவம், தலை சுற்றச் சுற்ற உட்கார்ந்து பழகியிருக்கிறார். அந்த நினைப்பு அவளை வெட்கப்பட வைத்தது.

"ஒங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு கேள்வி தன்னை நோக்கி வரும் என்று எதிர்பார்க்காதவர் போல நீண்ட நேரம் யோசித்தார்.

"எனக்கு, சத்தம் இல்லாம கொஞ்ச நேரம் படுத்துக் கெடக்க விருப்பம்" என்றார் கடைசியில். "கடையில நாள் முழுக்க சுத்தியலும் காத்தடிக்கிற மெசினும் தான். ஊட்டுக்குப் போனா எங்கட உம்மாட ஊட்டுல எப்பயும் ஆள். பகல்ல படுத்தா சோம்பேறி எண்டு செல்லுவாங்க. இத நான் ஒருத்தருக்கும் செல்லல்ல."

"இங்க படுங்க. நான் ஒருத்தருக்கும் செல்லமாட்டன்."

"நீங்க?"

"நான் காதுல மாட்டிக்கொண்டு வெளையாடுற. ஒரு சத்தமும் வராது."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்து, மெத்தையின் பொலித்தீனை ஒரு மூலையிலிருந்து பிடித்து இழுத்தார். அது மளமளவென்று கிழிந்து வந்தது. அதைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஷஹ்மா கம்பியூட்டரைப் போட்டாள். பெட்டியின் நிறம் மாறும் வெளிச்சம் அவர் கண்ணில் படாமல் அதைச் சற்றுத் திருப்பி வைத்தாள்.

அந்த நேரம் கதவுக்கு வெளியே மஸீனாவின் குரல் வந்தது. பகல் நடந்ததை எப்படியாவது பூசி மெழுகிவிட வேண்டும் என்ற தவிப்பு அந்தக் குரலில் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கக் கேட்டாள்.

"மகள், மாப்பிள்ளைட கம்பியூட்டர் இப்ப நல்லா வேல செய்யிதா?"

ஷஹ்மா வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, ரிஸ்மி பதில் சொன்னார்.

"ஷஹ்மாட கம்பியூட்டர் நல்லா வேல செய்யிது மாமி."

மஸீனாவின் செருப்புச் சத்தம் குசினிப் பக்கம் போய்விட்டது. ஷஹ்மாவுக்குத் திரையில் இருந்த மலை கொஞ்ச நேரம் சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு, விளையாடத் தொடங்கினாள்.